மே 4 திரையிடல்: சுவரொட்டியில் கைத்துப்பாக்கி வேண்டுமா?

ரவாங்கான்:
தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி பற்றிய ஆவணப்படத்தை மே 4 மாலை 7 மணிக்குக் கோயில் திடலில் போடுகிறோம். 1949-ல் பிரிட்டிஷ் ஆட்சி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்ட நாள். சுவரொட்டி வாசகம்: ‘சங்கம் நடத்தியதற்காகத் தூக்கு.’

பழைய கோப்பு:
வாசகம் தப்பு, தம்பி. வழக்கு கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்கு. அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்றார் அவர். இரண்டையும் போடுங்கள். மறைத்தால் கேள்வி நேரத்தில் முதல் ஆளே அதைத்தான் கிளப்புவார்.

ரவாங்கான்:
துப்பாக்கி வெறும் சாக்குப்போக்கு, அண்ணே. அவர் தலைமை தாங்கிய அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தை 1948 ஜூனிலேயே முடக்கிவிட்டார்களே! வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் இருக்கக்கூடாது. நிர்வாகிக்கு அந்தத் தொழிலில் 3 வருட அனுபவம் வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டமும் துறைமுகமும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்வதை உடைக்கத்தானே? நாடு முழுக்க அவசரகாலம் வந்தது அதற்கப்புறம், ஜூன் 18-ல்.

பழைய கோப்பு:
அந்த வரிசையையே அச்சடியுங்கள். முடிவைப் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார்.

கம்பிவடம்:
தணிக்கையை இருவருமே மறந்துவிட்டீர்கள். மலேசியாவின் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம் 6-ம் பிரிவின்படி தணிக்கை வாரிய அனுமதி இல்லாத படத்தைக் காட்டுவது குற்றம். இலவசக் காட்சி என்றாலும் விடமாட்டார்கள். 2013-ல் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படம் போட்டதற்கு 2017-ல் 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது.

திடலும் சரிவராது. 7 மணிக்குப் பொழுது சாய்ந்திருக்காது. 3,000 லூமென் புரொஜெக்டரில் படம் வெளுத்துப்போகும். மே மாத மாலை மழை வேறு. காற்றில் திரைத்துணி கப்பல் பாய்போல உப்பும்.

ரவாங்கான்:
தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்துக்குத் தோட்டத்துப் பெரியவர்கள் வரமாட்டார்கள். கோயில் என்றால் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே உட்காருவார்கள்.

கம்பிவடம்:
அப்படியானால் கோயில் அன்னதானக் கொட்டகை, 8 மணி. திரை 10 அடி அகலம். த்ரோ விகிதம் (புரொஜெக்டர் தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் புரொஜெக்டர் 15 அடி தள்ளி. திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது இருக்கட்டும், இல்லையென்றால் மலாய் வசனவரியை முன்வரிசைத் தலைகள் மறைத்துவிடும். மடிக்கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். வேறுவேறு இடத்தில் எடுத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும், பேட்டிகளில் ஒரு சொல் கேட்காது.

பழைய கோப்பு:
கொட்டகை சரி. அனுமதிக் கடிதம் வராமல் தேதியை அச்சடிக்காதீர்கள்.