அப்பாவின் பங்குகள்: கம்பெனி பதிவேட்டைக் காட்ட மறுக்கிறது, வழி உண்டா?

பின்னலூர்க்காரி:
வணக்கம். அப்பா ஐப்பசியில் காலமானார். திருப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் பனியன் கம்பெனியில் அவர் பங்குதாரர், இயக்குநரும்கூட. உயில் இல்லை. பங்குப் பத்திரமும் வீட்டில் அகப்படவில்லை. அவர் பெயரில் எத்தனை பங்குகள் என்று கேட்டால், "நீங்கள் உறுப்பினர் இல்லை, எதையும் காட்ட முடியாது" என்கிறது அலுவலகம். அப்பாவோடு தொழில் செய்தவர், நாங்கள் மாமா என்றழைப்பவர், எஸ்எச்-4 படிவம் ஒன்றைக் கொடுத்து, "அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வாம்மா" என்கிறார். வாங்கித் தரலாமா?

சாயப்பட்டறை:
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், எல்லாம் வெளியே வரும்.

பழைய பேரேடு:
வராது ஐயா. தனியார் கம்பெனி அந்தச் சட்டத்துக்குள் அடங்காது.

சகோதரி, அந்தப் படிவத்தில் யாரும் கையெழுத்திட வேண்டாம். எஸ்எச்-4 பங்கை இன்னொருவருக்குக் கைமாற்றும் பத்திரம். பதிவேட்டில் தன் பெயர் ஏறாத நிலையிலும், இறந்தவரின் சட்டப் பிரதிநிதி அதன் மூலம் பங்கை மாற்றிக் கொடுக்க முடியும். உங்கள் அம்மாவின் கையெழுத்தைக் கேட்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். வாரிசுகள் பெயருக்குப் பங்கு வர அந்தப் படிவமும் வேண்டாம், முத்திரைத் தீர்வையும் வேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, மரணத்தைத் தெரிவித்துச் சான்றுகளுடன் எழுத்தில் கோர வேண்டும், அவ்வளவுதான்.

உறுப்பினர், அதாவது பங்குதாரர், பதிவேட்டைப் பற்றி அலுவலகம் சொன்னது தவறு. 94-ஆம் பிரிவின்படி உறுப்பினருக்கு அது இலவசம்; வேறு யாரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஒரு முறை பார்க்க 50 ரூபாய்க்கு மேலோ, நகலுக்குப் பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மேலோ கேட்கக்கூடாது. ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. பொதுக்கூட்டக் குறிப்பேடு உறுப்பினருக்கு மட்டுமே, இயக்குநர் குழுக் குறிப்பேடு அவர்களுக்கும் இல்லை. அதற்காக இப்போது மல்லுக்கு நிற்காதீர்கள்.

கம்பெனியை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். எம்சிஏ எனப்படும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனியின் பொது ஆவணங்கள் திறக்கும். ஆண்டு விவர அறிக்கையோடு பங்குதாரர் பட்டியல் இருக்கும். கம்பெனியின் உள்விதிகளான ஆர்டிகிள்ஸையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பின்னலூர்க்காரி:
மிக்க நன்றி ஐயா. பட்டியலில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் "இயக்குநர்களிடம் பெற்ற கடன்" என்று பெரிய தொகை நிற்கிறது. அப்பா வீட்டை அடகு வைத்துப் பணம் போட்டதாக அம்மா சொல்கிறார். அதுவும் பங்கோடு சேர்ந்துவிடுமா?

பழைய பேரேடு:
சேராது. கம்பெனி அவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் அது. பங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து இதைக் கோட்டைவிடும் குடும்பங்கள் ஏராளம். கடனைக் கேட்டு வழக்குப் போடக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். ஆகவே அப்பாவின் பெயரில் உள்ள கணக்கின் நகலையும், பாக்கியை உறுதிசெய்யும் கடிதத்தையும் இப்போதே கேளுங்கள். பணம் போன தேதிகளை அவருடைய வங்கிக் கணக்கில் தேடுங்கள். அதே எம்சிஏ தளத்தில், கம்பெனி வாங்கிய கடன்களுக்கான அடமானப் பட்டியலையும் பாருங்கள். வங்கிக் கடனுக்கு அவர் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் தந்திருந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு அது உங்களிடமும் வரும்.

கச்சேரி வீதி வக்கீல்:
ஒன்று சேர்க்கிறேன். எல்லா வாரிசுகளும் ஒத்துப்போனால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், இழப்பீட்டு உறுதிப் பத்திரம் ஆகியவற்றை வைத்தே இயக்குநர் குழு பெயர் மாற்றலாம். யாராவது முரண்டு பிடித்தால், இறந்தவரின் பங்கையும் கடனையும் பெற உரிமை தரும் சக்சஷன் சர்ட்டிபிகேட்டை நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். மனுவில் பங்கு, கடன் இரண்டையும் குறிப்பிடுங்கள். நாமினி இருந்தாலும் கலங்க வேண்டாம். நாமினி சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று சக்தி யெஸ்தானி வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பெயர் மாற்ற மறுத்தால் 30 நாட்களுக்குள் காரணத்தோடு கம்பெனி தெரிவிக்க வேண்டும். பதிலே வராவிட்டால், உங்கள் கடிதம் சேர்ந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சென்னை தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

வாரிசுகள் யார் யார்?

பின்னலூர்க்காரி:
அம்மா, நான், தம்பி. மூவரும் ஒரே கருத்தில்தான் இருக்கிறோம்.

கச்சேரி வீதி வக்கீல்:
அப்பாவின் தாயார்?

பின்னலூர்க்காரி:
பாட்டி சித்தப்பா வீட்டில் இருக்கிறார். அவருக்கும் பங்கு உண்டா?

கச்சேரி வீதி வக்கீல்:
இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பமென்றால் தாயும் முதல் வகுப்பு வாரிசு, உங்களுக்குச் சமமான பங்கு. நால்வரும் கையெழுத்திடாமல் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பாதீர்கள்.