பெட்டியின் முன்பக்கம் ஒன்று சொல்கிறது, பின்பக்கம் வேறு சொல்கிறது

குழந்தைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் சீரியல் பெட்டி ஒன்றை நேற்று கடையிலேயே நின்று படித்தேன். முன்னால் கொட்டை எழுத்தில் ‘முழுதானியம்’, ‘10 வைட்டமின்கள்’, ‘எலும்புக்கு வலு’. பின்னால் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதில் சர்க்கரை இரண்டாவது இடம்! 100 கிராமுக்கு 30 கிராம். ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருந்தார்கள், அதிலேயே 9 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூனுக்கு மேல். வீட்டுத் தராசில் 30 கிராம் நிறுத்துப் பாருங்கள், கிண்ணத்தின் அடியைத்தான் மூடும். எந்தப் பிள்ளை அதோடு எழுந்திருக்கும்? அப்புறம் அந்த எலும்பு வலு: ‘பாலுடன்’ என்ற கட்டத்தில்தான் கால்சியம் ஏறுகிறது. அது பால் தருகிற கால்சியம். உங்களுக்கும் இப்படி ஏதாவது கண்ணில் பட்டதா?

* * *

என் மாமியாருக்குக் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னதும், ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்ட கார்ன்ஃப்ளேக்ஸாகத் தேடி வாங்கினார்கள். மக்காச்சோளத்தில் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வரும்? அது பால், முட்டை, இறைச்சி போன்ற விலங்கு உணவில் இருப்பது. அவருக்கு ரத்த அழுத்தமும் உண்டு. பார்க்க வேண்டியது உப்பில் இருக்கும் சோடியம். அந்த வரியை யாரும் பெரிதாக அச்சடிப்பதில்லை.

* * *

எனக்கு மறக்காத சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. கெல்லாக் நிறுவனம் தன் ஃப்ராஸ்டட் மினி வீட்ஸ் என்ற சீரியல் பிள்ளைகளின் கவனத்தைக் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட்டும், ஆய்வில் தெரிந்தது என்று விளம்பரம் செய்தது. 2009-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆய்வைப் புரட்டிப் பார்த்தால், ஒப்பிட்டது காலை உணவே சாப்பிடாத பிள்ளைகளோடு! அதிலும் சீரியல் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஏதோ முன்னேற்றம். 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடியது ஒன்பதில் ஒருவருக்கு. வெறும் வயிற்றுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் இரண்டு இட்லியும் ஜெயிக்கும். அதே ஆண்டு தங்களுடைய ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற இன்னொரு சீரியல் பெட்டியில் நோய் எதிர்ப்புச் சக்திக்கு உதவும் என்று போட்டார்கள். 2010-இல் ஆணையம் அதையும் தடுத்தது. அன்றிலிருந்து எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும், ‘யாரோடு ஒப்பிட்டு?’ என்றுதான் முதலில் கேட்கிறேன்.

* * *

அண்ணா, அதே கேள்வியை நான் ‘இரண்டு மடங்கு நார்ச்சத்து’ என்று போட்ட ஒரு பெட்டிக்காரர்களிடம் மின்னஞ்சலில் கேட்டேன். தங்களுடைய பழைய வகையைவிட இரண்டு மடங்காம். பழையதில் எவ்வளவு இருந்தது என்று திரும்பக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.