ஜெனரேட்டரில் 9, லைன் கரண்டில் 275, மாற்று முறையில் 640: எந்த லீக்கேஜ் அளவை எழுதுவது?

மோல்மேன் பராமரிப்பு (கேள்வி)

அண்ணன்மாருக்கு வணக்கம். பர்மாவுல மோல்மேன்ல ஒரு தர்ம கிளினிக்குக்கு மின் பாதுகாப்பு சோதனை போட வேண்டியிருக்கு. கையில இருக்கிறது கையடக்க டெஸ்டர், ஐஈசி 62353 (மருத்துவ மெஷின் மின் பாதுகாப்பு தரம்) சோதனை வரிசை உள்ளேயே இருக்கு. சுவர் சாக்கெட்டுல பாதி ரெண்டு பின். கரண்ட் பாதி நாள் இல்லை, அப்போ ஜெனரேட்டர்.

நாலு சந்தேகம்.

நோயாளி மானிட்டர் (வகுப்பு 1, அதாவது எர்த் வயரை நம்பியிருக்கிற வகை; ஈசிஜி பாகம் சிஎஃப், அதாவது இதயத்தோட நேரா சேரலாம்கிற வகை): லீக்கேஜ் (எர்த், உடம்பு வழியா கசியுற கரண்ட்) லைன் கரண்டில நேரடி முறையில, அதாவது மெஷினை ஓடவிட்டு அளந்தா, 275 மைக்ரோ ஆம்பியர், அப்போ வோல்டேஜ் 198. ஜெனரேட்டர்ல அதே நேரடி முறையில 9. மாற்று முறையில 640. ஒரே மெஷினுக்கு மூணு விடை, எதை எழுதுறது?

அதே மானிட்டர்ல ஈசிஜி வயர்களை டெஸ்டர்ல மாட்டி, அந்த பாகத்து லீக்கேஜ் பார்த்தா ஒரு தரம் 38, இன்னொரு தரம் 61. வரம்பு 50 தானே?

சக்ஷன் மெஷின் எர்த் ரெசிஸ்டன்ஸ் 0.42 ஓம். இது பாஸா?

கடைசியா, ஜப்பான்ல இருந்து நன்கொடையா வந்த குழந்தை வார்மர், 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓடுது. அதை எப்படி சோதிக்கிறது?

---

ரங்கூன் பயோமெட்

தம்பி, முதல் கேள்வியில் 275-ம் 640-ம் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. சந்தேகப்பட வேண்டியது 9 மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். 198 வோல்ட்டில் 275 என்றால் 230-க்கு 275 × 230 ÷ 198 = 319. மாற்று முறையில் டெஸ்டர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, தன் சொந்த வோல்டேஜை அந்தக் கட்டுக்கும் எர்த்துக்கும் இடையே கொடுக்கிறது. மெஷின் உள்ளே மின் இரைச்சல் ஃபில்டரில் பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். நேரடி முறையில் பேஸ் பக்கத்துக் கெப்பாசிட்டர் மட்டும் வேலை செய்யும். மாற்று முறையில் இரண்டுக்கும் முழு வோல்டேஜ். ஆகவே 319-இன் இரட்டிப்பு 638. உங்களுக்கு வந்தது 640. 4.7 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 340 மைக்ரோ ஆம்பியர் விடும். அந்த அளவுக் கெப்பாசிட்டர்தான் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பழுதில்லை.

இந்தக் காரணத்தால்தான் வகுப்பு 1-க்கு நேரடி முறை வரம்பு 500, மாற்று முறை வரம்பு 1000. ஒரு முறையின் அளவை இன்னொரு முறையின் வரம்போடு ஒப்பிட்டு மெஷினை ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வோல்டேஜ் திருத்தத்தை விட்டுவிடக் கூடாது. 185 வோல்ட்டில் 430 காட்டினால் பாஸ் மாதிரித் தெரியும். 230-க்குத் திருத்தினால் 535, ஃபெயில். சில டெஸ்டர்கள் தாங்களே திருத்தித்தான் காட்டும். செட்டிங்கில் அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை திருத்திவிடுவீர்கள்.

இனி அந்த 9. லீக்கேஜ் எர்த் வழியாகப் போய், சப்ளையின் நியூட்ரல் எர்த்தோடு சேரும் இடத்தில் திரும்ப வேண்டும். சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் அந்த இணைப்பே கிடையாது, இரண்டு வயரும் மிதக்கின்றன. திரும்பும் வழி இல்லாததால் டெஸ்டருக்கு ஓட்டம் தெரியவில்லை. மெஷின் உள்ளே இன்சுலேஷன் எரிந்து போயிருந்தாலும் அங்கே 9 தான் காட்டும். எர்த் இல்லாத சாக்கெட்டிலும் இதே பொய்தான். இன்வெர்ட்டரில் வேறு தொல்லை: அலை சைன் வடிவில் இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் வழியே கூடுதலாக ஓடி, அளவு ஏறியும் காட்டும்.

டெஸ்டரை மாட்டியதும் முதலில் மூன்று வோல்டேஜ் பாருங்கள். பேஸ்–நியூட்ரல் 225, பேஸ்–எர்த் 224, நியூட்ரல்–எர்த் ஓரிரண்டு வோல்ட் என்றால் நேரடி முறை செய்யலாம். பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டும் நூறு நூற்றுப்பத்து என்று இருந்தால் எர்த் இல்லை, அல்லது சப்ளை மிதக்கிறது. அங்கே நேரடி முறை வேண்டாம், மாற்று முறைதான். டெஸ்டர் தன் வோல்டேஜில் தன் வயர் வழியாகவே அளப்பதால் சுவர் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

மாற்று முறைக்கும் ஒரு குறை உண்டு. மெஷினுக்குக் கரண்ட் போகாது. ரிலே அல்லது எலெக்ட்ரானிக் சுவிட்ச் வைத்த மெஷினில் சுவிட்சைத் தாண்டிய பகுதி சோதனைக்குள்ளேயே வராது. சாதாரண சுவிட்ச் உள்ளதில் அதை ஆன் நிலையில் வைத்துவிட்டு அளக்க வேண்டும். ரிலே உள்ளதை எர்த் சரியாக உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், நேரடி முறையில், போலாரிட்டி மாற்றி (பேஸும் நியூட்ரலும் இடம் மாற்றி) இரண்டு தரம் பாருங்கள். அப்படி அளக்கும்போது மெஷின் மரமேசையில் இருக்கட்டும். பிரிண்டர் வயர், நெட்வொர்க் வயர், இரும்பு ஸ்டாண்டு எதுவும் தொடக் கூடாது. வேறு வழியில் எர்த் கிடைத்தால் லீக்கேஜ் அந்தப் பக்கம் போய்விடும், டெஸ்டர் குறைத்துக் காட்டும். அந்த நேரம் மெஷின் உடம்பைக் கையால் தொடவும் கூடாது, எர்த் டெஸ்டருக்குள் தடையின் பின்னால் நிற்கிறது.

---

பெகு வயர்மேன்

ஜெனரேட்டர் பிரச்சினைக்கு சுலபமான வழி இருக்கே. சாக்கெட்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயர் போட்டு சேர்த்துட்டா டெஸ்டர் ஒழுங்கா காட்டும். நம்ம ஊர்ல நிறைய இடத்துல அப்படித்தான் ஓடுது.

---

தட்டோன்காரர்

அதைச் செய்யவே கூடாது. இதைப் படிக்கிற யாரும் செய்துவிட வேண்டாம்.

அந்தச் சாக்கெட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் ரெண்டு பின் பிளக்கைத் திருப்பி மாட்டினால், அல்லது மெயினில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால், அந்தத் துண்டு வயர் 230 வோல்ட்டை நேராக மெஷின் உடம்பில் ஏற்றும். திருப்பி மாட்டாவிட்டாலும், வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினுக்குள் வழியாக வரும் பேஸ் உடம்பில் நிற்கும். டெஸ்டர் மட்டும் "பாஸ்" என்று சொல்லும். ஏன் என்றால் நியூட்ரல்தான் எர்த் வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது.

நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பது ஜெனரேட்டர் பக்கத்தில், ஒரே இடத்தில், எர்த் தண்டு அடித்து, லைன்–ஜெனரேட்டர் மாற்றும் சுவிட்சையும் பார்த்து, வயரிங் தெரிந்தவர் செய்யும் வேலை. சாக்கெட் பெட்டிக்குள் இல்லை.

சப்ளையை நம்பலாமா என்று பார்க்க ஒரு சின்னச் சாதனம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பின் பிளக் ஒன்று. உள்ளே 220 கிலோ ஓம், அரை வாட், 1 சதவீத ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகச் சேர்த்து, பேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில். ஸ்லீவ் போட்டு, ஆடாமல் எபாக்ஸி ஊற்றி மூடிவிடுங்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு ரெசிஸ்டர், ஒவ்வொன்றும் தாங்கும் வோல்டேஜ் பாதியாகும் என்பதற்காக.

இதை மெஷினுக்குப் பதில் டெஸ்டரின் சாக்கெட்டில் மாட்டி நேரடி முறை ஓட்டினால் 230 வோல்ட்டில் சுமார் 520, 198 வோல்ட்டில் சுமார் 450 வர வேண்டும். போலாரிட்டி மாற்றினால் கிட்டத்தட்ட பூஜ்யம். மாற்று முறையில் 520. நேரடி முறையில் இரண்டு போலாரிட்டியிலும் சில்லறையாக ஏதோ வந்தால் சப்ளை மிதக்கிறது, அன்றைக்கு நேரடி முறையை மூட்டை கட்டிவிடலாம். டெஸ்டருக்குள் ஃபியூஸ் போயிருந்தாலும் இதில் பிடிபடும். இது வருடாந்தரக் காலிப்ரேஷனுக்கு மாற்று இல்லை, வேலை தொடங்கும் முன் பார்க்கும் ஒரு நிமிடச் சோதனை.

---

பெகு வயர்மேன்

ரெண்டு பின் திருப்பி மாட்டுறதை யோசிக்கலை. சரி, அந்த யோசனையை விட்டுடுங்க.

---

ரங்கூன் பயோமெட்

மீதிக் கேள்விகள்.

சக்ஷனின் 0.42. டெஸ்டர் புரோப் வயரையே பூஜ்யம் செய்தீர்களா? அந்த வயர் மட்டுமே 0.1 ஓம் பக்கம் இருக்கும். பூஜ்யம் செய்தபின்னும் 0.3-க்கு மேல் என்றால் பவர் கார்டைக் கழற்றித் தனியாக அளங்கள். கார்டு மட்டும் 0.1-க்குள், மெஷின் மட்டும் 0.2-க்குள், சேர்ந்து 0.3-க்குள். நல்ல செம்புக் கார்டு, 1.8 மீட்டர், 0.75 சதுர மில்லிமீட்டர் என்றால் எர்த் கம்பி 0.04 ஓம்தான் வரும். சந்தையில் செம்பு பூசிய இரும்புக் கம்பிக் கார்டுகள் கிடக்கின்றன. காந்தம் ஒட்டினால் குப்பையில் போடுங்கள்.

கார்டு சரியாக இருந்தால் புரோப் வைத்த இடம். பெயிண்ட் மேலும் துரு மேலும் வைத்தால் எதுவும் வரும். மழைக்காலம் முடிந்ததும் திருகுகளில் பச்சை படிந்திருக்கும். 200 மில்லி ஆம்பியர் சோதனை அந்தப் படலத்தை உடைக்காது, 25 ஆம்பியர் சோதனை உடைத்துவிடும். ஆகவே சிறிய டெஸ்டரில் ஏறிய அளவு வந்தால் முதலில் சுரண்டிவிட்டு அளங்கள். அளக்கும்போது கார்டை முனைக்கு முனை வளைத்துக்கொண்டே போக வேண்டும். எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த நிமிடம் 0.15 காட்டினாலும் பாஸ் கிடையாது.

பிளக்கை யாராவது ரெண்டு பின்னாக மாற்றி, பச்சை வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் அளக்கவே வேண்டாம். மூன்று பின் பிளக் போட்ட பிறகுதான் சோதனை. எர்த் பாஸ் ஆகாத வகுப்பு 1 மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து லீக்கேஜ் பார்க்கப் போகாதீர்கள்.

ஈசிஜியின் 38-ம் 61-ம். இந்தச் சோதனையில் டெஸ்டர் மெயின் வோல்டேஜையே ஈசிஜி வயரில் ஏற்றுகிறது. ஆள் யாரும் மாட்டியிருக்கக் கூடாது, வயரைத் தொடக் கூடாது. வயர் சுருட்டி இரும்புத் தள்ளுவண்டி மேல் கிடந்தால் வயருக்கும் இரும்புக்கும் இடையே கெப்பாசிட்டன்ஸ் உண்டாகும். வெறும் 100 பிக்கோ ஃபாரட் போதும், 7 மைக்ரோ ஆம்பியர் கூடிவிடும். 50 வரம்பில் 7 பெரிய தொகை. வயரை விரித்து மரமேசையில் வைத்து அளங்கள். அப்புறம் கேபிளை மானிட்டரிலிருந்து கழற்றி, கேபிளை மட்டும் டெஸ்டரில் விட்டு அதே சோதனை ஓட்டுங்கள். அதில் 20, 25 வந்தால் குற்றம் கேபிளிலும் அது கிடக்கும் இடத்திலும்தான். கேபிள் 3, 4 காட்டி, மானிட்டரோடு சேர்ந்தால் 61 என்றால் மானிட்டரின் கனெக்டரைப் பாருங்கள். ஜெல் உப்பும் ஈரமும் சேர்ந்து பின்களுக்கு நடுவில் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் 50-க்கு மேல் என்றால் இதயப் பக்கம் பயன்படுத்த வேண்டாம், தனிப்படுத்தும் பகுதி பழுது.

---

தட்டோன்காரர்

ஜப்பான் வார்மருக்கு நான் சொல்கிறேன், இதில்தான் ஆபத்து அதிகம்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர் எந்த வகை என்று பாருங்கள். எதிலும் மாட்டாமல் வைத்து, எர்த் பின்னையும் எர்த் துளையையும் விட்டுவிட்டு, உள்ளீட்டுப் பின் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டுத் துளை ஒவ்வொன்றுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளங்கள். எங்காவது சில ஓம் அல்லது பூஜ்யம் வந்தால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ஒரே சுற்று. எங்கும் வராவிட்டால் இரண்டு தனிச் சுற்று.

ஆட்டோ வகையில் ஒரு முனை இரண்டு பக்கத்துக்கும் பொது. அந்தப் பொது முனை நியூட்ரலில் இருக்கும்வரை வார்மரின் வயர்கள் எர்த்துக்கு 0-ம் 100-ம். ரெண்டு பின் பிளக்கைத் திருப்பி மாட்டினால் பொது முனை 230, மறு முனை 130. வார்மர் 100 வோல்ட்டில் ஓடுவதாகத்தான் தெரியும். ஆனால் 100-க்குச் செய்த ஃபில்டர் எர்த்துக்கு 230-ஐத் தாங்கிக்கொண்டு நிற்கும், லீக்கேஜ் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே ஆட்டோவோடு ஓடும் மெஷினை 100-க்குத் திருத்திப் பாஸ் போடக் கூடாது. மாற்று முறையில் 230-க்கு வரும் அளவை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டு சுற்று வகையில் வெளியீடு மிதப்பதால் அதன் பின்னால் நேரடி முறை மறுபடி அந்த 9 கதைதான். வார்மரைத் தனியாக மாற்று முறையில் சோதியுங்கள். டெஸ்டரில் வோல்டேஜை 100 என்று அமைக்க முடிந்தால் அமைத்துக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் எர்த் வயர் சுவரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வார்மர் உடம்புவரை அறுபடாமல் போக வேண்டும். பல டிரான்ஸ்ஃபார்மரில் வெளியீட்டுத் துளை ரெண்டுதான், எர்த் அங்கேயே செத்துவிடும். ஜப்பான் மூன்று பின் பிளக்குக்கு ரெண்டு பின் அடாப்டர் போட்டாலும் அதே. மாற்றுவதென்றால் இரண்டு சுற்று, எர்த் தொடர்ச்சி உள்ள, வார்மர் வாட்டுக்குக் கால் பங்காவது கூடுதல் திறன் உள்ளது வாங்குங்கள். பெயர்ப்பலகையில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஜப்பானின் மேற்குப் பாதி 60, கிழக்குப் பாதி நம்மைப் போல 50. 60-க்கு மட்டும் செய்த மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் இங்கே சூடேறும்.

---

மோல்மேன் பராமரிப்பு

ரொம்ப நன்றிண்ணே. ஜெனரேட்டர்ல பேஸ்–எர்த் 108, நியூட்ரல்–எர்த் 114. மிதக்குது. சக்ஷன் கார்டு தனியா 0.31, காந்தம் ஒட்டுது. வார்மர் டிரான்ஸ்ஃபார்மர் ஆட்டோ, அதை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன்.

இன்னும் ஒண்ணு. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வகுப்பு 2 (எர்த்தை நம்பாம ரெட்டை இன்சுலேஷன்), பிளாஸ்டிக் உடம்பு. புரோப்பை எங்கே வைக்கிறது?

---

ரங்கூன் பயோமெட்

20க்கு 10 சென்டிமீட்டர் அலுமினியத் தாளைப் பிளாஸ்டிக் மேல் ஒட்ட அழுத்தி, அதில் புரோப்பை மாட்டுங்கள். வெளியே தெரியும் திருகு, ஆக்சிஜன் வரும் உலோக முனை, பின்பக்க ஃபில்டர் வலை ஆகியவற்றையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். வரம்பு நேரடி முறையில் 100, மாற்று முறையில் 500. காற்று ஃபில்டரில் தூசி அடைத்து ஈரம் ஏறியிருந்தால் இந்த அளவு கூடும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துவிட்டு அளங்கள்.

ஒவ்வொரு வரியிலும் சீரியல் எண், முறை, வோல்டேஜ், போலாரிட்டி, அளவு, எந்த சப்ளை என்று எழுதுங்கள். மானிட்டருக்கு "மாற்று முறை, 640" என்று போட்டு வையுங்கள். அடுத்த தரம் 660 என்றால் பரவாயில்லை. 900 என்றால் வரம்புக்குள்ளேயே இருந்தாலும் திறந்து பார்க்க வேண்டும்.