மறு: வார்ப் டிரைவ் – பாவா, வளைவா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நாலு நாளாக இந்த மடல் இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இழை என்ற சொல்லே இங்கே எவ்வளவு பொருத்தம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். கோவை அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வரும் வார்ப் டிரைவை, அதாவது விண்வெளியையே வளைத்து ஒளியை முந்தவைக்கும் இயந்திரத்தை, தமிழில் எப்படிச் சொல்வது? அதற்குள் பேச்சு அதன் கேப்டன்களில் கிர்க்கா பிக்கார்டா என்று திரும்பி, இருபது மடல் ஓடிவிட்டது. (என் ஓட்டு பிக்கார்டுக்கு. மேற்கொண்டு சண்டைக்கு வரமாட்டேன்.)

"வார்ப் என்றே எழுதிவிட்டுப் போகலாம்" என்று அண்ணன் கடைசியில் அலுத்துப்போய் எழுதியிருந்தார். ஏனுங்ணா, சுற்றிலும் பவுண்டரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு நீங்களே இப்படிச் சொல்லலாமா? வார்ப் இயந்திரம் என்று எழுதினால் அங்கே பாதிப்பேர் வார்ப்பு என்றுதான் படிப்பார்கள், பம்புக்கு இரும்பு ஊற்றுகிற வேலை என்று. மீதிப்பேர் மில்லில் இருந்தவர்கள். அவர்களுக்கு வார்ப்பிங் என்றால் பாவு ஓட்டுவது, தறிக்கு நீளவாக்கு நூலைத் தயார் செய்வது.

பாவு என்றதும் எங்கள் வீட்டில் நடந்தது ஞாபகம் வருகிறது. எங்களுக்குச் சென்னிமலை. வீட்டை ஒட்டித் தறி. ஒருநாள் அப்பா தறியில் நூல் தார் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னவென்று கேட்டார். விண்கலம், அதில் வார்ப் டிரைவ் என்று ஒன்று இருக்கிறது என்றேன். "பாவு ஓட்டற வண்டியா? எத்தனை இழையாமா?" என்றார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை!

கரூர் அக்கா இதையே வேடிக்கையாக இல்லாமல் நிஜமாகவே முன்வைத்திருக்கிறார்: 'பாவுவேகம்'. ஆங்கிலத்தில் பாவுக்கும் வளைதலுக்கும் ஒரே சொல், அதனால் நாமும் பாவையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். ஒரே சொல் என்பது உண்மைதான். வீசுதல், எறிதல் என்ற பழைய வேரிலிருந்து வந்தது. பலகை நெளிவதைக் குறிக்கும் பொருள் பின்னால் சேர்ந்தது. ஆனால் அக்கா, நீங்களும் தறி பார்த்தவர். பாவு எப்படி இருக்க வேண்டும்? விறைப்பாக, நேராக. தொய்ந்தால் துணி போச்சு. விண்வெளியை வளைப்பதைச் சொல்ல, வளையவே கூடாத ஒன்றின் பெயரை வைப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆசையாக இருந்தாலும்.

அடுத்தது 'வளைவு வேகம்'. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறியவர்கள் யோசித்துப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பக்கத்துக்காரரிடம் வளைவு வேகம் என்றால் இரண்டாம் கியர் என்பார். ஒளியை முந்துகிற வேகத்துக்கு அந்தப் பெயரா? 'திரிபு வேகம்' அதைவிட மோசம், எனக்குப் பால் திரிந்ததுதான் கண்முன் வருகிறது.

சரி, உண்மையில் அந்த இயந்திரம் என்ன செய்கிறது? கலம் தானாக ஒளியைவிட வேகமாக ஓடுவதில்லை, ஓடவும் முடியாது. 1994இல் மிகேல் அல்குபியரே என்ற மெக்சிகோ இயற்பியலாளர் இதே யோசனையைச் சமன்பாட்டில் எழுதிக் காட்டினார்: முன்னால் இருக்கும் வெளி சுருங்கும், பின்னால் இருப்பது விரியும், நடுவில் கலம் சும்மா இருக்கும். பவானி ஜமக்காளத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டு மறுகோடியைக் கையால் இழுத்துப் பாருங்கள். நீங்கள் நகரவில்லை, முன்னால் மடிப்பு மடிப்பாகக் குவிகிறது, தூரத்தில் இருந்த தலையணை மடிக்கு வந்துவிடுகிறது. (அல்குபியரே கணக்குக்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.)

ஆக நமக்கு வேண்டியது, நேராக இருக்க வேண்டிய ஒன்று கோணிப்போவதைச் சொல்லும் சொல். அது நம்மிடம் இருக்கிறது: கோட்டம். நன்னூல் பாயிரத்தில் 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்' என்று வருகிறதே, அந்தக் கோட்டம். தச்சர் மரத்தின் கோணலை நூல் பிடித்துச் சரிசெய்வதுபோல, ஏட்டு நூல் மனத்தின் கோணலைச் சரிசெய்கிறது என்பது பாட்டு. மரம் கோணுவதும் நூலும் ஒரே அடியில் இருப்பதைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அதே இரண்டு பொருளும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நன்னூல் எழுதிய பவணந்தியார் ஊர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தப் பாசமும் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

இன்னொரு காரணம், இது வாயால் கத்துகிற சொல். கேப்டன் நாற்காலியில் இருந்து உத்தரவு போட வேண்டும். "வெளிவளைவு உந்துவேகம் ஆறு" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரி ரோமுலன் சுட்டுவிடுவான். "கோட்டம் ஆறு. செலுத்து!" இது வாயில் நிற்கிறது. 1966இல் தொடங்கிய முதல் தொடரின் கணக்குப்படி அந்த ஆறை மும்மடி பெருக்க வேண்டும் (6×6×6), அதாவது ஒளியைப்போல் 216 மடங்கு. 1987இல் வந்த அடுத்த தொடரில் அளவுகோலையே மாற்றி, பத்து என்பது முடிவிலி என்று வைத்துவிட்டார்கள். ஆகவே எண்ணையும் சேர்த்து 'கோட்ட எண்' என்றால் போதும். வேகம் என்ற சொல்லை அதில் நுழைக்க வேண்டாம். டிரைவுக்குக் கோட்டப் பொறி, கலத்துக்கு ஆற்றல் தரும் பொருள்-எதிர்ப்பொருள் எரிகிற இடத்துக்குக் கோட்ட உலை, சுற்றியுள்ளதற்குக் கோட்டப் புலம்.

நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், சிக்கல் இருக்கிறது. கிர்க்கின் கலத்தில் இயந்திரம் பார்க்கிற ஸ்காட்டி இனிமேல் கோட்டப் பொறியாளர் ஆகிவிடுவார், நெடுஞ்சாலைத் துறைக்காரர்போல. கிர்க் கூப்பிட்டுக் கேட்டால் நிதி ஒதுக்கீடு வரவில்லை என்பார். கோட்டாட்சியர் அலுவலகமும் இருக்கிறது. டிரைவைச் சுருக்கமாக 'வெளிக்கோட்டி' என்றாக்கலாமா என்று பார்த்தேன். நெல்லைக்காரர்களுக்குக் கோட்டி என்றால் பைத்தியம், அதனால் விட்டுவிட்டேன். ஆனால் அலுவலகக் கோட்டமும் விண்வெளிக் கோட்டமும் ஒரே வாக்கியத்தில் மோதப் போவதில்லை. வார்ப்பும் வார்ப்பும் மோதுவதைவிட இது தேவலை.

ஆளை இங்கே மறைத்து அங்கே தோன்றவைக்கிற டிரான்ஸ்போர்ட்டருக்கு 'இடமாற்றி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அரசு ஊழியர்கள் பயந்துவிடுவார்கள். டிரான்ஸ்போர்ட்டர் என்றே விட்டாலும் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஆபீஸ் என்பார்கள். அதைத் தனி மடலில் பார்க்கலாமுங்க. இங்கே தறிச் சத்தம் நின்றுவிட்டது, இழை அறுந்திருக்கும். போய்ப் பிணைத்துவிட்டு வருகிறேன்.