புதுப்பிப்பு: அந்த செஸ்னா 172 வேண்டாம் என்று விட்டுவிட்டேன்

டெக்சாஸில் விற்பனைக்கு வந்த 1976 செஸ்னா 172 என்ற சிறிய விமானம், ஓவர்ஹாலுக்குப் பிறகு (அதாவது முழுசாகப் பிரித்துச் சீரமைத்த பிறகு) 400 மணி நேரமே ஓடிய என்ஜின், வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கவில்லை.

அந்தக் குறைந்த மணி நேரம்தான் வில்லங்கம். லாக்புக்கைப் புரட்டினால் கடைசி 5 வருடத்தில் 11 மணி நேரம்தான் பறந்திருக்கிறது. இந்த லைகோமிங் என்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) மேலே இருப்பதால், சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து துரு ஏறிவிடும். உரிமையாளர் சம்மதத்தோடு என் மெக்கானிக் ஒரு சிலிண்டரைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார்: அந்தத் தண்டின் கேம் மேடுகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். விலையைக் குறைக்க மாட்டேன் என்றுவிட்டார் உரிமையாளர். சரி, போகட்டும்.

இப்போது ஒரு பைப்பர் செரோகி விமானம் பார்க்கிறேன். என்ஜின் 1,500 மணி நேரம் ஓடியதுதான், ஆனால் வாராவாரம் பறக்கிறது. ஒரே கதவு, அதுவும் வலது பக்கம். மனைவி இப்போதே முணுமுணுக்கிறாள்.