மறு: "சூழல் சரிவு" வேண்டாம், "அவைமயக்கம்" பொருந்துமா?

> "சூழல் சரிவு" என்றே வைத்துவிடலாமே, மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறதே?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒருவருக்காகச் சொன்னதை வெவ்வேறு வட்டத்தினர் எல்லாரும் ஒரே இடத்தில் கேட்டுவிடும் நிலையை ஆங்கிலத்தில் "context collapse" என்கிறார்கள். "சூழல் சரிவு" அந்த மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது, சரி. ஆனால் "சரிவு" என்றதும் மண்சரிவும் விலைச்சரிவும்தான் நினைவுக்கு வருகின்றன. "சூழல்" முன்னால் நின்றால் சுற்றுச்சூழல் பற்றிய சொல் என்றே படிப்பார்கள். இங்கே எதுவும் சரியவில்லை. தனித்தனியாக இருந்த அவைகள், அதாவது கேட்போர் கூட்டங்கள், கலந்துவிடுகின்றன.

பெருநகரம் சிறு வட்டத்தின் கண்காணிப்பிலிருந்து மனிதரை விடுவிக்கிறது என்று சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1903இலேயே எழுதினார். மேலாளருக்கு நம் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் உறவினரைத் தெரியாது. இடத்துக்கு ஒரு பேச்சு என்று வாழ முடிந்தது. இன்றோ நண்பர்களை நினைத்து ஃபேஸ்புக்கில் எழுதிய அரசியல் கருத்தை மேலாளரும் மாமாவும் குடியிருப்புச் சங்கச் செயலாளரும் சேர்ந்தே படிக்கிறார்கள். அப்புறம் என்ன, யாருக்கும் உறுத்தாத பிறந்தநாள் வாழ்த்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த இழப்பு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2011இல் "வட்டங்கள்" வசதியோடு வந்தது, யாருக்கு எதைக் காட்டுவது என்று பிரித்துக்கொள்ளத்தான். 2019இல் அதை மூடிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் இருக்கும் "நெருங்கிய நண்பர்கள்" பட்டியலும் அதே தேவைக்கானதுதான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். திணைமயக்கம், வேற்றுமைமயக்கம் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று வந்து கலப்பது அது. திருக்குறளில் அவையறிதல் தனி அதிகாரமாகவே இருக்கிறது. கேட்பவர் யாரென்று அறிந்து பேசச் சொல்வது. அப்படி அறிய வழியில்லாமல் போன நிலைக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம். அதனால் "அவைமயக்கம்" என்கிறேன்.

மயக்கம் என்றால் தலைசுற்றல்தானே என்று சிலர் கேட்கலாம். "அவைக்கலப்பு" அதைவிட எளிதாகப் புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலப்பு என்றால் கலந்தது மட்டும்தான் தெரியும். மயக்கம் என்றால், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாத தடுமாற்றமும் அதில் வந்துவிடுகிறது. எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் முக்கியம்.

உண்மையான சிக்கல் வேறொன்று. பிரித்து எழுதினால் "அவை" சுட்டுப்பெயராகிவிடும். "அவை மயங்கின" என்றால் எவை மயங்கின என்று வாசகர் தேடுவார். ஆகவே பெயர்ச்சொல்லை எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும். வினையாக வரும் இடத்தில் "அவைமயக்கம் நேர்ந்தது" என்று எழுதினால் போதும் என நினைக்கிறேன். பெயரடைக்கு "அவைமயங்கிய பதிவு" சரிவருமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.