புதுப்பிப்பு: சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய டூரிங் பைக், சரியாகிவிட்டது

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது, திறன் கூடிய மோட்டார் போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

‘முதலில் கேபிளில் வோல்டேஜ் இழப்பைப் பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தியபடி பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்: 1.4 வோல்ட். 0.3க்குள் இருக்க வேண்டியது. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் கேபிளின் உறையைக் கீறினால், உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டாலே உதிர்ந்தது.

பேட்டரியின் இரண்டு கேபிள்களையும் 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உள்ளவையாக மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தைப் பெயிண்ட் போகச் சுரண்டினேன். இப்போது 0.2 தான்.

எதிர்பாராதது ரிலே, அதாவது பட்டனை அழுத்தியதும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். அதன் முனைகளும் கருகியிருந்தன, அதையும் மாற்றினேன். பழைய மோட்டார் அப்படியே இருக்கிறது. சூட்டிலும் ஒரே அழுத்தில் பிடிக்கிறது.